எத்திராஜ் கணக்குக்குப் போன எண்பத்தைந்தாயிரம்

1.5.2008, வியாழன்

மே தினம். லாரி கிடையாது, லோடுமேன் கிடையாது. எட்டு மணிக்கே பனியன் முதுகில் ஒட்டுகிறது. கடை அரை ஷட்டர்.

கம்ப்யூட்டரில் இரண்டே வேலை.
1. எத்திராஜுக்கு போணி 101.
2. காதர் பாய்க்கு எண்ணூர் பழைய இரும்பு லாட்டுக்கு அட்வான்ஸ் 85,000. திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் லாட் வேறு ஆளுக்கு.

முதல் வேலை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் இரண்டு தாளிலும் ஒரே பெயர். எத்திராஜ். எத்திராஜ்.

101 போட்ட பிறகு பெயரை மாற்றவில்லை. தொகையை மட்டும் மாற்றி அமுக்கிவிட்டேன். இருபத்தாறு வருஷ வியாபாரத்தில் ஒரு தராசுக்கல் தவறவிட்டதில்லை.

மற்ற கடைகளில் போணி என்றால் வாங்குவது. என் கடையில் மாதத்தின் முதல் போணி கொடுப்பது. ராயபுரத்தில் பழைய இரும்புக் கடை போட்ட அன்றைக்கு, முதல் லாட்டை வெட்ட வந்த, கேஸ் நெருப்பால் இரும்பு வெட்டும் எத்திராஜ் கையில் நூற்றியொன்று வைத்தேன். அந்த லாட்டில் போட்ட பணம் இரண்டு மடங்காகத் திரும்பியது. அன்று முதல் மாதம் பிறந்தால் முதல் பணம் அவன் கைக்கு. இன்டர்நெட் பேங்கிங் வந்ததும் லிஸ்டில் ஏற்றிய முதல் பெயரும் அவன்தான்.

செத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நிறுத்தவில்லை. நிறுத்தப் பயம்.

பேங்க் இன்று லீவு. போன் போட்டேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

பிறகு, ஏன் என்று கேட்டால் தெரியாது, எத்திராஜ் நம்பருக்குப் போட்டேன். அதுவும் மணி அடித்தது. எடுத்தார்கள். பேசவில்லை. மூச்சு மட்டும். வைத்துவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். சரசு அடுப்பைப் பற்றவைத்தாள். டப் என்று ஒரு சத்தம். மோர் டம்ளரைத் தட்டிவிட்டேன். "ஏங்க, அடுப்புதானே?" என்றாள்.

2.5, வெள்ளி

பத்து மணிக்கே பேங்க். கவுன்டரில் சின்ன வயசு ஆபீசரம்மா. விஷயத்தைச் சொன்னேன்.

"சார், நம்ம பேங்க் டு நம்ம பேங்க். அனுப்பின நிமிஷமே அவர் கணக்குல ஏறிடுச்சு. நாங்க எடுக்க முடியாது. அவர் வந்து ஒரு லெட்டர் கொடுத்தா ஒரே நாள்ல திரும்பிடும்."

கணக்கைத் திறந்து பார்த்தவள் சிரித்தாள். "தெரிஞ்சவர்தானே? அறிமுகக் கையெழுத்தே நீங்கதான் போட்டிருக்கீங்க. பாஸ்புக்கோட கூட்டிட்டு வாங்க."

ஆள் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிம்மா" என்று வந்தது.

புகார் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் பக்கத்திலிருந்தும் அவனைக் கூப்பிட்டுப் பேசுவார்களாம்.

வரும் வழியில் காசிமேடு சிக்னலில் அரை மணி. கன்டெய்னர் லாரிகள். முன்னால் ஒரு சைக்கிளில் ஆக்சிஜன் சிலிண்டர். ஓட்டுகிறவன் காக்கி அரைக்கால் சட்டை, தலையில் ஈரத்துண்டு. அவன் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு ஆள். வேறு ஆளாகத்தானே இருக்க முடியும்.

வாங்க வேண்டியது: கார்பன் பேப்பர், சரசுக்குக் கால்வலித் தைலம், ஷட்டருக்கு கிரீஸ்.

3.5, சனி

காலை ஏழரைக்கு எம்.கே.பி. நகர். ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. காரியத்துக்குப் பிறகு இந்தப் படி ஏறியதில்லை. எத்திராஜ் பெண்டாட்டி கஸ்தூரி கதவைத் திறந்தாள். மகள் பவானி குடத்தோடு வெளியே போனாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி.

"வா அண்ணாச்சி. குந்து. கரண்ட் இல்ல. கருமாதிக்கு வந்தவன், காசுக்குத்தான் திரும்ப வந்துகீறே."

"பணம் வந்தது தெரியுமா தங்கச்சி?"

"செல்லு கத்துச்சே. மெசேஜை பவானி படிச்சு சொல்லிச்சு. எண்பத்தஞ்சாயிரமாம். ரெண்டு பேரும் சோறு துன்னாம குந்திகினு இருந்தோம்."

அவன் செல்போன் அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில், சார்ஜரில். தினமும் சார்ஜ் போடுகிறாளாம். மூச்சு விட்டது இவள்தான்.

"நேத்து சாயங்காலம் பேங்க்லேர்ந்து போன் அண்ணாச்சி. எத்திராஜ் சார் கீறாரான்னாங்கோ. குளிச்சிகினு கீறாருன்னேன்."

"என்னது?"

"வேற இன்னா சொல்றது? எப்ப வருவாருன்னாங்கோ. நாளைக்கு வருவாருன்னேன். பொணம் நாளைக்கு எப்டிப்பா வரும்?"

பிறகுதான் விளக்கினாள். அவன் செத்ததை பேங்கில் சொல்லவே இல்லை. சொன்னால் கணக்கை முடக்கிவிடுவார்கள். வாரிசு சான்றிதழ் கேட்பார்கள். அவன் அண்ணன் தனக்கும் பங்கு என்று தகராறு செய்து அந்தக் காகிதத்தைத் தாலுகா ஆபீசிலேயே நிறுத்தி வைத்திருக்கிறான். கணக்கில் எத்திராஜ் சேர்த்த அறுபத்திரண்டாயிரம். வீட்டில் எடுத்து வைத்தால் அண்ணன்காரன் வந்து உட்கார்ந்துவிடுவான் என்று பேங்கிலேயே விட்டிருக்கிறாள். மாதக் கடைசியில் பவானிக்கு நர்சிங் பீஸ் கட்ட அதுதான்.

"நீ ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தே. எம் பொண்ணு படிப்பு அதுல கீது அண்ணாச்சி. புகாரை வாபஸ் வாங்கு, கார்டு போட்டு உன் காசை நானே எடுத்துத் தரேன்."

பதினொன்றேகால். பேங்க் சனிக்கிழமை அரைநாள். ஆட்டோக்காரனுக்கு மீட்டருக்கு மேலே முப்பது. பணம் நேரில் கிடைத்துவிட்டது, புகார் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து போட்டேன்.

ஆபீசரம்மா என்னையே பார்த்தாள். "ரெண்டு தடவை கூப்பிட்டோம். அவர் குரலையே கேட்க முடியலையே சார்?"

"வேலையில இருக்கார்மா. சத்தத்துல கேட்காது."

வாய் கூசாமல் வந்தது. அவன் விஷயத்தில் நான் சொன்ன பொய் இது இரண்டாவது. முதல் பொய்யை இந்த டைரியிலும் எழுதியதில்லை.

சாயங்காலம் ஆறு. மெயின் ரோட்டு ஏ.டி.எம். அவன் கார்டு, அவள் விரல். ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம்தான் வரும். நான் கண்ணாடிக்கு வெளியே வாட்ச்மேன் ஸ்டூல் பக்கத்தில். உள்ளே மிஷின் கடகடவென்று எண்ணியது. எண்ணாமல் என் கையில் வைத்தாள்.

4.5, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். தார் ரோடு செருப்பைப் பிடிக்கிறது.

இரண்டாவது பதினைந்து. மொத்தம் முப்பது.

காதர் பாயிடம் முப்பதைக் கட்டினேன். மீதிக்கு வியாழன் வரை கெஞ்சினேன். "அண்ணாச்சி கெஞ்சி இப்பதான் பாக்கறேன், மச்சத்தை எங்கயாச்சும் தொலைச்சுட்டியா?" என்று சிரித்தார். ஒத்துக்கொண்டார்.

செத்தவன் தவணையில் திருப்பிக் கொடுக்கிறான். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

5.5, திங்கள்

மூன்றாவது பதினைந்து. வெளியே வந்தவள் முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்கு அண்ணாச்சி இந்த அட்வான்ஸு?"

"எண்ணூர்ல ஒரு லாட். மூடின கம்பெனி."

"இன்னா லாட்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். "டேங்க். மூணு டேங்க்."

ஒரு பஸ் போனது, இன்னொரு பஸ் போனது. பிறகு, "கழுவிட்டாங்களா?" என்றாள்.

அவன் கேட்ட அதே கேள்வி. அதே வார்த்தை.

எழுதிவிடுகிறேன். மணலி யார்டு. 2006 ஜூன், ஞாயிற்றுக்கிழமை. காலையில் யார்டு வாட்ச்மேன் சொன்னான், "நாலாம் நம்பர் டேங்க் இன்னும் தண்ணி ஊத்திக் கழுவல அண்ணாச்சி." உள்ளே தங்கிய எண்ணெய் ஆவி நெருப்புப் பட்டால் வெடிக்கும்; அது போகத் தண்ணீர் நிரப்பி வடிக்க ஒன்றரை நாள். இரண்டு லாரி வாடகைக்கு நிற்கிறது. எத்திராஜ் கேஸ் டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். "கழுவிட்டாங்களா அண்ணாச்சி?"

"ஆச்சு" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. டீ வாங்கப் போனேன். கிளாஸ் கையில் இருக்கும்போதே சத்தம் கேட்டது.

கஸ்தூரிக்கு இருபத்தைந்தாயிரம் கொடுத்தேன். இனி கேட்கமாட்டேன் என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்தும் வாங்கினேன். போலீஸ் ரிப்போர்ட்டில் தொழிலாளியின் கவனக்குறைவு.

6.5, செவ்வாய்

எண்ணூர் போனேன். மூன்று டேங்கிலும் நாமே தண்ணீர் நிரப்பலாம் என்றேன். நாலு நாள் ஆகும், டேங்கர் செலவு தனி. காதர் பாய், "யாரும் இப்டி செய்றதில்ல, உனக்கு இன்னா ஆச்சு?" என்றார். சாம்பல் காற்று. கண் எரிச்சல். அதனால்தான் கண்ணில் தண்ணீர் என்றேன்.

குழாயைப் போட்டுவிட்டு முதல் டேங்கைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே யாரோ பதிலுக்குத் தட்டின மாதிரி இருந்தது. எதிரொலிதான். இன்னொரு தடவை தட்டவில்லை.

நாலாவது பதினைந்து.

7.5, புதன்

ஐந்தாவது. மொத்தம் எழுபத்தைந்து. தைலம் வாங்க இன்றும் மறந்தாச்சு. சரசு முறைக்கிறாள்.

8.5, வியாழன்

கடைசி நாள். பத்தாயிரம்தான் பாக்கி. உள்ளே வழக்கத்தை விட நேரம் எடுத்தாள். இரண்டு தடவை மிஷின் எண்ணும் சத்தம்.

வெளியே வந்து பத்தைத் தந்தாள். பிறகு ரப்பர் பேண்டு போட்ட இன்னொரு சுருள்.

"இது இன்னா தங்கச்சி?" அவள் பேச்சு எனக்கே தொற்றிக்கொண்டது.

"ரெண்டாயிரத்து முந்நூறு. ஒண்ணாந்தேதி ஆனா செல்லு கத்தும். நூத்தியொண்ணு. இருபத்திமூணு வாட்டி கத்திகீது. நீதான்னு மொதல்லேர்ந்தே தெரியும். ஒத்தப் பைசா தொடல."

"அது போணி. அதைத் திருப்பக்கூடாது."

"தெரியும். அவரு சொல்லிகீறாரு. போணியைத் திருப்பினா கடைக்கு ஆவாதுன்னு."

நோட்டைப் பிடித்திருந்த அவள் கை நீட்டியபடியே இருந்தது.

"மணலி வாட்ச்மேன் பதினாறாம் நாளே வந்து அழுதுட்டுப் போனான் அண்ணாச்சி."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஏ.டி.எம். வாட்ச்மேன் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினான். உட்காரவில்லை. "அப்பவே ஏன் என்னைக் கேட்கல?" என்றேன். வேறு கேட்கத் தோன்றவில்லை.

"கேட்டா? பேங்க்ல எழுதிக் குடுத்து புகாரை வாபஸ் வாங்கினியே, அத்த மாதிரி அன்னிக்கு சொன்னதையும் வாபஸ் வாங்கிடுவியா?"

சுருளை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் அவள் போகமாட்டாள்.

மிஷின் கக்கிய சீட்டைக் காட்டினாள். மீதி 62,023.

"நூறு நூறாத்தான் அது துப்பும். மேல வந்த ஒத்த ரூவா இருபத்திமூணும் உள்ளயே நின்னுடுச்சு. அது அவராண்டயே கெடக்கட்டும்."

படியேறுகிற மாதிரி மெதுவாக ரோட்டைக் கடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

காதர் பாய்க்குக் கட்டியாச்சு. லாட் என் பெயரில்.

1.6, ஞாயிறு

வெயில் குறையவில்லை. எண்ணூரில் இரண்டு டேங்க் வெட்டி முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெட்டுகிறவன் என்னிடம் எதுவும் கேட்பதற்கு முன்னால் நானே மூடியைத் திறந்து டார்ச் லைட் அடித்துக் காட்டுகிறேன். அவன் என்னைக் கிறுக்கன் என்று நினைக்கிறான்.

பவானிக்குப் பீஸ் கட்டியாகிவிட்டதாம். ஆட்டோக்காரன் சொன்னான்.

எட்டரைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். லிஸ்டில் முதல் பெயர் அவன்தான். 101 என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். அவன் செல்போன் அலமாரியில் கத்தும், அவள் திரும்பிப் பார்ப்பாள். அழித்துவிட்டு மிஷினை அணைத்தேன்.

2,300 கல்லாவில் போடவில்லை. டிராயரில், அதே ரப்பர் பேண்டோடு.

மணி பத்தரை. ஒருவர் ஆங்கிள் துண்டு எடுத்து எடை போட்டுவிட்டு நூறு ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "போணி ஆவலியா அண்ணாச்சி? வாங்கு, என் கை ராசியான கை" என்கிறார்.

என் கை நீளவில்லை.