டென்மார்க் கதிரைக்குப் பிளாஸ்டிக் உறை

அண்ணை,

இன்று காலை, புதுக்கயிறு பின்னி வாங்கிய உங்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு லண்டன் ரெய்னர்ஸ் லேனில் உங்கள் வீட்டு வாசலில் நின்றபோது அதே சவர்க்கார வாசம். பின்னியவர் கழுவித் தந்திருக்கிறார். சனிக்கிழமைதோறும் வாளியில் சவர்க்காரச் சீவலைக் கரைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் அந்த ஓக் மரத்தைத் துடைப்பீர்களே, அந்த வாசம். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. ஊரெல்லாம் உங்களை நினைத்து உருகுகிறது. எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கதிரையை வடிவமைத்த டென்மார்க்காரனின் வரலாறு எனக்கு மனப்பாடம். கப்பல் தச்சனின் மகன். போர் முடிந்த காலத்தில் மீன் டின் அடைக்கும் தொழிற்சாலைக்குப் போய், நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்கள் இடைவேளையில் எப்படி உட்காருகிறார்கள் என்று வாரக்கணக்கில் பார்த்தானாம். முதுகு எங்கே வளைகிறது, கால் எங்கே தொங்குகிறது என்று அளந்தானாம். அந்த அளவில் பிறந்ததுதான் இது. இருக்கை முழுக்கக் காகிதத்தை முறுக்கிய கயிறு. பேர் பெற்ற பிறகும், தொழிலாளியின் சின்ன வீட்டுக்குள் நுழையாத ஒரு சாமானையும் அவன் வரையவில்லையாம்.

இதைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுக்கும். "ஐசே, உழைச்சுக் களைச்ச உடம்பை இவனைப்போல மதிச்சவன் ஒருத்தனும் இல்லை" என்பீர்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஷிப்ட் முழுக்க நின்றுவிட்டு வந்த உங்கள் மனைவி, பவளம் அக்கா, அப்போது தேநீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். நீங்கள் திரும்பியும் பார்க்கமாட்டீர்கள்.

மூடப்பட்ட ஒரு நூலகத்திலிருந்து அந்தக் கதிரையைக் கொண்டுவந்த வாரமே தடித்த பிளாஸ்டிக்கில் அதற்கு உறை தைத்தீர்கள். டிவி ரிமோட்டுக்கும் பொலித்தீன் சுற்றுகிற சனம்தான் நாங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களைத்தவர்களை உட்காரவைப்பதற்கே வாழ்ந்த ஒருவனைப் புத்தகம் புத்தகமாகப் படித்துவிட்டு, அவன் கதிரையில் ஒருவரும் உட்காராமல் காவல் காத்த மேதாவி லண்டனிலேயே நீங்கள் ஒருவர்தான்.

ஒருநாள் கால் வீங்கிப்போய் அக்கா அதன் விளிம்பில் அமர்ந்தார். "இஞ்சேரும், எழும்பும்! அதில ஒருத்தரும் இருக்கிறேல்லை!" என்று கத்தினீர்கள். அவர் எழுந்து, பிளாஸ்டிக்கில் விழுந்த சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டுக் குசினிக்குள் போனார். நீங்கள் விட்ட இடத்திலிருந்து மீன் தொழிற்சாலைக் கதையைத் தொடர்ந்தீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் நானும் அக்காவும் உறையைக் கழற்றினோம். ஈரம் காயுமுன் மூடி மூடி வைத்ததில் கயிறெல்லாம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. விரலால் அழுத்தினேன், இற்றுப்போய் அறுந்தது. ஒருவரும் உட்காராமலே ஒரு கதிரையை நாசமாக்கிய சாதனை உங்களுக்கே உரியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"அவர் ஏசுவார், தம்பி," என்றார்.

சாம்பலைக் கரைத்த பிறகும் அந்த மனுசி உங்களுக்குப் பயந்தார். அந்த நிமிடம் உங்களை மனதார வெறுத்தேன். கதிரையை அப்போதே காரில் ஏற்றினேன்.

இன்று அதை ஜன்னலடியில் வைத்தேன். அக்கா ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சேலைத் தலைப்பால் கைப்பிடியைத் துடைத்தார். முதலில் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு மெல்ல மெல்ல முதுகை முழுதாகச் சாய்த்தார். எங்கேயோ இருந்த அந்தப் பெண்களை அளந்தவன் அக்காவையும் சரியாகத்தான் அளந்திருந்தான். கண்ணை மூடியபடியே சொன்னார்.

"தம்பி, ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாருமன்."

குசினிக்குள் போனேன். உங்களைத் திட்டித் தீர்க்கலாம் என்று இருந்தவன், தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு அலமாரி அலமாரியாகத் திறந்தேன். அக்கா நிற்க நிற்க, சோபாவில் சாய்ந்து உங்கள் கதையைக் கேட்டு உள்ளுக்குள் நக்கலடித்தவன் நான். ஒருநாளும் எழுந்து இடம் கொடுத்ததில்லை. உங்களிடமிருந்து நான் சுமந்து திரிவது டென்மார்க்காரனின் வரலாறு அல்ல, அண்ணை, இந்த வெட்கம்தான். இருபது வருடமாக அந்த வீட்டில் தேநீர் குடித்தவனுக்குச் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.