ரிசர்விலேயே ஓடிய கார்

மார்ச் 3, திங்கள்

இன்றும் மேம்பாலம் ஏறும்போது கார் குலுங்கியது. சமதளத்தில் சாதுவாக வருகிறது, ஏற்றம் கண்டால் மூச்சு வாங்குகிறது. மாடிவீட்டுச் சகலைதான் ஏதோ செய்து வைத்திருக்கிறான். திங்கள், புதன், வெள்ளி கார் எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு. ஞாயிறு அக்கா தங்கைக்கு, அதாவது என் மனைவிக்கும் அவன் மனைவிக்கும். பாதிப் பாதி போட்டு வாங்கிய கார்.

மார்ச் 4, செவ்வாய்

மாடியிலிருந்து மனைவி சேதி கொண்டு வந்தாள். நான் கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறேனாம், அதனால்தான் குலுங்குகிறதாம். அவனும் நானும் நேரில் பேசி மாதக்கணக்காகிறது. எதற்காகப் பேச்சு நின்றது என்று கேட்டால் எனக்கே சட்டென்று சொல்ல வராது.

மார்ச் 5, புதன்

வண்டி என் கைக்கு வரும்போதே பெட்ரோல் விளக்கு மஞ்சளாக எரிகிறது. வேண்டுமென்றே செய்கிறான். நானும் போகவர எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் போடுகிறேன். அவன் ஊர் சுற்ற நான் எதற்கு ரொப்பி வைக்க வேண்டும்?

மார்ச் 7, வெள்ளி

குலுங்கியது. மஞ்சள் விளக்கு.

மார்ச் 9, ஞாயிறு

மேம்பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. உள்ளே அக்காவும் தங்கையும். பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றதாம். மச்சினி ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். என் மனைவி இறங்கி, லாரிக்காரரைக் கூப்பிட்டு, வண்டியை ஓரம் தள்ளியிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்பி, உருட்டாத குறையாக வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் வந்து சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. நான்தான் லாரி எவ்வளவு தள்ளி நின்றது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மார்ச் 10, திங்கள்

லீவு போட்டேன். மெக்கானிக்கிடம் போனில் பேசினேன். பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கும், தன்னால் வியாழனுக்கு முன் வர முடியாது என்றார். நானே மாற்றிவிடலாம் என்று பானெட்டைத் திறந்தேன். எங்கே இருக்கிறது அந்தச் சனியன்? கடைசியில் உருளையாக ஒன்று அகப்பட்டது. அதைத் திருகப் போனேன்.

"அது ஆயில் ஃபில்டர்."

மாடி பால்கனியிலிருந்து சகலை. நான் நிமிரவில்லை. திருகவும் இல்லை.

உதிரிபாகக் கடைக்காரர் புதுசைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தார். இந்த மாடலுக்கு முன்னால் தேடினால் விடிய விடியத் தேட வேண்டியதுதானாம். வண்டிக்கு அடியில், பின்சக்கரத்தின் பக்கம், டேங்க்கை ஒட்டி இருக்குமாம்.

மார்ச் 11, செவ்வாய்

அவனும் லீவு. பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கூப்பிடாமலே இறங்கி வந்தான். பெட்ரோல் பம்ப்புக்கான ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விட்டான். குழாயில் அழுத்தம் இருந்தால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சி அடிக்குமாம். பேட்டரி ஒயரையும் கழற்றினான். நான் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, அடியில் படுத்தேன். ஃபில்டரைப் பிடித்திருந்த திருகாணி துருவேறி, உயிரை வாங்கியது. கிளிப்பைக் கழற்றியதும் முழங்கைவரை பெட்ரோல் வழிந்தது.

"அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கணும்," என்றான்.

தெரியும் என்றேன். சத்தம் காட்டாமல் திருப்பி மாட்டினேன்.

பழையதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்த்தான். டிகாக்‌ஷன் நிறத்தில் கசடு கொட்டியது.

"எப்பவும் ரிசர்வுலயே ஓட்டினா இப்படித்தான். அடியில கிடக்கிறதெல்லாம் இழுத்துக்கும்."

"நீ ரொப்பியிருக்கலாமே."

"நீங்க ரொப்பியிருந்தா நானும் ரொப்பியிருப்பேன், சகல."

அக்காவும் தங்கையும் மாடிப்படியில் நின்றிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். என் மனைவி கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு மிச்சம் பிடிச்சீங்க. லாரி முன்னாடி நின்னது நாங்க."

வெட்கமாக இருந்தது. வேறு என்ன எழுத?

மார்ச் 12, புதன்

என் முறை. சாவி ஆணியில் இல்லை. காலையிலேயே டேங்க்கை ரொப்பியாகிவிட்டது, வண்டி இனி அக்கா தங்கையிடம்தான் இருக்கும், வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம் என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. கேட்கிற முகமா இது?

மார்ச் 13, வியாழன்

அவனும் கேட்கவில்லையாம்.

மார்ச் 17, திங்கள்

பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னாலேயே நின்றிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். எங்களைக் கடந்து கார் போனது. மச்சினி ஓட்ட, அக்கா ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தபடி. ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. மேம்பாலத்தின் உச்சி தாண்டி மறையும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"குலுங்கலை, இல்ல?"

"இல்லப்பா."

பிறகு ஆபீஸ், அவன் முதுகுவலி, என் பல்வலி என்று பேச்சு எங்கெங்கோ போனது. பஸ் தாமதமாக வந்தது உறைக்கவில்லை. ஏறியதும் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டான். நாளைக்கு நான் முந்திக்கொள்ள வேண்டும்.