ஒரு பீப்பா டீசல், ஆறு நாள்

2004 யூன் 7, திங்கள்
பஸ்ஸின் பின் ரயரில் காற்று இறங்கி, புதுக்குடியிருப்பில் இருந்து மல்லாவிக்குப் போய்ச் சேரக் காலை பத்து மணி ஆகிவிட்டது. சந்தைக்கு வந்த பெண்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். நியாயந்தான்.

யூன் 9
ஜவாஹிர் நானா வந்தார். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்ற, முல்லைத்தீவை விட்டுப் போகும்போது இந்த பஸ்ஸை என் கையில் தந்தவர். இப்போது புத்தளத்தில் இருந்து வந்து போகிறார். "ஒரு பீப்பா டீசல் அஞ்சு நாள்தான் ஓடுது. ஆறு நாள் ஓடினா வெச்சிருப்பன். இல்லாட்டி மாசக் கடைசியில வெட்டி இரும்புக்குக் குடுத்திடுவன்" என்றார்.
கோபம் வந்தது. பதினாலு வருடம் இதை உருட்டினவன் நான். குண்டுக்கும் குழிக்கும் தப்பி — சரி, பஸ் அவருடையது. என்ன சொல்ல முடியும்?

யூன் 12
பீப்பாவுக்குள் குச்சி விட்டு அளந்தேன். இதுவும் ஐந்து நாள்தான்.

யூன் 15
நியூயோர்க்கில் பஸ் கராஜ் ஒன்றில் வேலை செய்யும் மச்சான் நிரஞ்சனின் கடிதம். அங்கே பாதி என்ஜினிலும் பாதி பற்றரியிலும் ஓடுகிற பஸ்களைப் பரீட்சித்துப் பார்க்கிறார்களாம். கொம்பனி கடதாசியில் காட்டிய எண்ணெய் மிச்சம் தெருவில் வரவில்லையாம். நீட்டு றோட்டில் பெரிய வித்தியாசமே இல்லை. நின்று நின்று போகிற இடத்தில்தான் லாபம். "சும்மா நிண்டு எரியிற எண்ணெய்தான் அத்தான் பெரிய நட்டம்" என்று எழுதியிருக்கிறான்.
என் மனைவி சிவரூபி தன் தம்பியின் கடிதத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள் மல்லாவியில எத்தினை மணித்தியாலம் என்ஜினை நிப்பாட்டாமல் வைச்சிருக்கிறியள்?"
இரண்டு. மாங்குளத்தில் இன்னும் அரை. யுத்தத் தடையால் வன்னிக்குள் பற்றரி வராத காலத்தில், அணைத்தால் பஸ்ஸைத் தள்ளித்தான் ஸ்ரார்ட் எடுக்க வேண்டும். அணைக்காமலே பழகிவிட்டேன். இப்போது பற்றரி போட்டு இரண்டு வருடம். பயந்துதானே இருந்திருக்கிறேன்? மடையன்.

யூன் 16
புதுப் பீப்பா திறந்தோம். மாங்குளம் சந்தியில் என்ஜினை அணைத்தேன். ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தள்ளுவதற்குப் பின்னால் போய் நின்றார்கள். "ஏறுங்கோ, பழுதில்லை!" என்றேன். யாரும் நம்பவில்லை. சாவியைத் திருப்பினேன். என்ஜின் பிடித்துக்கொண்டது. தினமும் வருகிற தங்கராசா மாஸ்ரர், தள்ளப் பஸ்ஸில் வைத்த கையை எடுக்காமலே நின்றார். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

யூன் 18
எல்லா இடத்திலும் அணைக்கிறேன். ஒட்டுசுட்டானில் ஒருமுறை பிடிக்கவில்லை. தள்ள ஆட்கள் ஆயத்தமாகத்தான் இருந்தார்கள்.

யூன் 22
ஞாயிறை விட்டால் இன்று ஆறாம் நாள். வீட்டுக்கு வந்து பீப்பாவுக்குள் குச்சி விட்டுப் பார்த்தேன். அடியில் நாலு விரல் கிடக்கிறது. ஏழு நாள் வராது. மச்சான் எழுதிய கதைதான் இங்கேயும், ஆசைப்பட்ட அளவு இல்லை. ஆனால் ஆறு வந்தது! ஆறு!

யூன் 24
நானா தானே பஸ்ஸில் வந்தார். மல்லாவியில் அணைத்துவிட்டு, ஆள் சேரும்வரை இரண்டு பேரும் முன்னால் இருந்தோம்.
"இரும்புக்காரனுக்கு வேணாமெண்டு சொல்லிட்டன். வற்றாப்பளைக்கும் ஒரு ஓட்டம் போடுவமா?" என்று கேட்டார்.
"ஓம், போடுவம்!" என்றேன்.
"ஏன் தம்பி கத்துறீங்க? பக்கத்திலதானே இரிக்கிறன்."
பதினாலு வருடமாக அந்த என்ஜின் சத்தத்துக்கு மேலாகக் கதைத்த குரல் என்னுடையது. மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
"ஓம் நானா."