மாட்டுங்காவில் நீங்கள் இறங்காத மாலை

மேடம்,

இன்று காலை சந்தையில் புதுப் பட்டாணி வந்திருந்தது. வாங்கிவந்து தரையில் கொட்டி, முதல் காயை உரித்ததும் அந்தப் பச்சை வாசனையோடு நம் லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பா முழுசாக வீட்டுக்குள் வந்துவிட்டது. மஸ்ஜித் ஸ்டேஷனில் நான் ஏறும்போதே நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் பையை விரித்து உரித்துக்கொண்டிருப்பீர்கள். உரித்ததில் பாதி பைக்குப் போகும், பாதி உங்கள் வாய்க்குப் போகும். "வீட்டுல உள்ளவங்களுக்குத் தோலு மட்டும் போதுமா மேடம்?" என்று கேட்டால், "நீ வாயை மூடிண்டு உரி" என்று என் கையிலும் நாலு காயைத் திணிப்பீர்கள். நின்றபடியே உரிப்பேன்.

உங்களுக்குக் கோட்டைப் பக்கம் ஆபீஸில் கிளார்க் உத்தியோகம், மாட்டுங்காவில் ஃப்ளாட். நான் தாராவிக்காரி, மஸ்ஜித் கடையில் முந்திரிப் பொட்டலம் கட்டுகிறவள், படிப்பு ஐந்தாம் வகுப்பு. வயசைத் தவிர நமக்குள் வேறெதுவும் ஒத்துப்போனதில்லை. பதினாறு வருஷம் ஒரே வண்டியில் வந்தோம்.

நிற்கிறவள் உட்கார்ந்திருப்பவளிடம் "எங்கே இறங்கணும்?" என்று கேட்டு, அந்தச் சீட்டைத் தனக்கென்று சொல்லிவைப்பது நம் டப்பா வழக்கம். உங்கள் சீட்டு எனக்கு. நீங்கள் மாட்டுங்காவில் எழுந்திருப்பீர்கள். அடுத்த ஸ்டேஷன் சயான், நான் இறங்க வேண்டும். "ரெண்டு நிமிசம் உக்காந்து நான் என்ன முட்டையா போட?" என்பேன். "போடேன், நாளைக்கு வந்து பார்க்கறேன்" என்பீர்கள்.

அந்தக் கேள்வியை நீங்கள் சீட்டுக்காக மட்டும் கேட்டதில்லை. தினமும் முலுண்ட் போகிறவள் இன்று பைகுல்லாவில் இறங்குகிறேன் என்றால் போதும், விடமாட்டீர்கள். யாரைப் பார்க்க, வீட்டில் சொன்னாளா, சொல்லாவிட்டால் ஏன் என்று பைகுல்லா வருவதற்குள் முழுக்கதையும் உங்கள் மடிக்கு வந்துவிடும், பட்டாணியோடு சேர்ந்து. "மூஞ்சியைப் பார்த்து கதை கட்டாதேடி. எங்கே எறங்கணும்னு கேளு, கதை தானா வரும்" என்பீர்கள். ஊர்வம்புக்கு இவ்வளவு பெரிய தத்துவமா என்று அப்போது கிண்டல் செய்தேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் இப்போது மாஸ்டர், மேடம். சிரிக்காதீர்கள்.

என் மகள் கனியைக் கோபர்கைரனேயில் கட்டிக்கொடுத்தேன் அல்லவா, அவள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். நீங்கள் ரிட்டயராகி வண்டியை விட்டுப் போன பிறகு நடந்தது இது. வேலைக்குப் போவாள், வருவாள், மேலே பரணில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். ஞாயிறு மதியம் மட்டும் கீழே இறங்குவாள். அவளோடு வேலை பார்க்கும் ரேஷ்மாவும் ஜோசப்பும் இன்னொரு பையனும் வருவார்கள். தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு வேஷம், ஒருத்தி மந்திரக்காரி, ஒருத்தன் வாள்காரன், கனி வில்லுக்காரி. மாஸ்டர் என்று ஒருவர் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கதை சொல்லுவார். என்ன செய்வோம் என்று இவர்கள் சொல்லுவார்கள். முடியுமா முடியாதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். வாயால் ஆடுகிற கூத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டராக இருந்த அந்தப் பையனுக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டது. ஆட்டம் நின்றது. கனி ஞாயிற்றுக்கிழமையும் பரணிலேயே கிடந்தாள். நான் பரணைப் பார்த்து, "கதைதானட்டி, நான் வுடுதேன். ஒங்கப்பா கிட்ட விடாத கதையா?" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினேன். ஏழு மலை, ஒரு ராஜா, ஒரு அரக்கன், தொலைந்துபோன கிரீடம். ஞாயிறு வந்தது. ராஜா கூப்பிட்டார், அரக்கனைக் கொன்றுவரச் சொன்னார்.

"நாங்க ஏன் ஆண்ட்டி போணும்?" என்றான் ஜோசப்.

"ராஜா சொல்லுதாருல்லா!"

"ராஜா கோ போலோ, குத் ஜாயே" என்றாள் ரேஷ்மா. ராஜாவையே போகச் சொல்லணுமாம்!

"ஏலே, ஒரு வாரமா கைவலிக்க எழுதியிருக்கேன். மரியாதையாப் போங்கலே" என்று அதட்டினேன். சிரித்தார்கள். கனி சிரிக்கவில்லை. "போதும்மா, விட்ரு" என்று ஏணியில் ஏறிவிட்டாள்.

மறுநாள் வண்டியில் நின்றுகொண்டே அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எதைத் திருத்துவது என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒருத்தி என் தோளைத் தட்டி "கஹாங் உதர்னா ஹை?" என்றாள், அதே 'எங்கே இறங்கணும்' கேள்வி. சயான் என்று சொல்லும்போதே உங்கள் குரல் காதில் கேட்டது. நோட்டைப் பைக்குள் திணித்தேன்.

அடுத்த ஞாயிறு கனியைக் கெஞ்சிக் கூத்தாடி இறக்கினேன். ராஜாவும் இல்லை, மலையும் இல்லை. "ஆத்துல ஒரு படகு போவுது. மூணு பேரும் அதுல இருக்கீங்க. நான் படகுக்காரி. எங்க எறங்கணும்?" அவ்வளவுதான் என் கதை.

ஜோசப் யோசித்தான். "எங்கண்ணன் என் பேரைச் சொல்லிக்கிட்டு வாழுற ஊர்ல." ரேஷ்மா, "எங்கம்மாவைச் சூனியக்காரின்னு துரத்தின கிராமத்துல" என்றாள். ஒரு வருஷம் ஆடக் காணும் கதை, மேடம்! பதினோரு பக்கத்தில் எனக்குக் கிடைக்காதது.

கனியைப் பார்த்தேன். பகடையை உருட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கு எறங்க எடம் இல்ல."

மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் உங்களைத்தான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, முதல் முதலாக வேலைக்கு வந்த அன்று சாயங்காலம். "இன்னைக்கு சயான்ல எறங்க மனசில்ல மேடம்" என்றேன். மாட்டுங்கா வந்தது. நீங்கள் எழுந்திருக்கவில்லை. "எடம் தோணலேன்னா ஒக்காந்துண்டு வா. நானும் வரேன்" என்று நகர்ந்து, மூணு பேர் உட்காரும் பெஞ்சில் எனக்கு நாலாவது சீட்டு கொடுத்தீர்கள். தானா ஸ்டேஷன் வரை போய் அதே வண்டியில் திரும்பினோம். ஆறுதல் என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லவில்லை. வழியெல்லாம் பட்டாணி தின்றீர்கள். மறுநாள், "வீட்டுல என்ன சொன்னீங்க?" என்று கேட்டதற்கு, "வண்டியில தூங்கிட்டேன்னு சொன்னேன். நம்பிட்டா. என் லட்சணம் அப்படி" என்றீர்கள்.

"சரி, உக்காந்து வா" என்றாள் என் படகுக்காரி, கனியிடம். "படகு நிக்காது."

ஜோசப் தொண்டையைச் செருமினான். "நானும் இப்ப எறங்கல ஆண்ட்டி. அண்ணன் எங்க போயிரப் போறான்?" ரேஷ்மாவும் தலையாட்டினாள். அப்படியே ஒன்பது ஞாயிறு படகு ஓடியது. வழியில் முதலை வந்தது, சுங்கக்காரன் வந்தான், எல்லாம் இவர்கள் வாயிலிருந்தே நான் பிடுங்கியவை. வில்லுக்காரி எந்தக் கரையிலும் கால் வைக்கவில்லை.

போன ஞாயிறு கரையில் ஒரு வீடு எரிகிறது என்று சும்மா சொல்லிவைத்தேன். "உள்ள ஆள் இருக்கா?" என்றாள் கனி. இருக்கலாம் என்றேன். "படகை நிறுத்து. நான் எறங்குதேன்."

பகடையை உருட்டினாள். மூன்று விழுந்தது. படுதோல்வி. கையால் தட்டிப் பதினேழாக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன், தாய்க்காரிதானே. செய்யவில்லை. "தொபுக்கடீர்னு தண்ணிக்குள்ள விழுந்துட்டட்டி" என்றேன். "விழுந்தா என்ன? நீந்திப் போவேன்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ரேஷ்மா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நான் டீ போடுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எரிகிற வீட்டுக்குள் யார் என்று இந்த வாரம் முழுக்கக் கனி என்னைத் துளைத்தெடுக்கிறாள். எனக்கே தெரியாது என்று சொன்னால் மாஸ்டர் மானம் போய்விடும், அதனால் கமுக்கமாக இருக்கிறேன். எழுதிய பதினோரு பக்கத்தில் ஒரு வரிகூட இன்று நினைவில்லை. தானா வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வந்த உங்கள் தோளின் கனம் மட்டும் என் தோளில் அப்படியே இருக்கிறது, மேடம். அதை வைத்துத்தான் ஆட்டத்தை நடத்துகிறேன்.