நம்ம வூட்டுல பிரச்சனை

அக்கா,

கிண்ணத்துத் தண்ணீரில் வாழைநார் ஊறிக்கொண்டிருக்கிறது. ஊறுகிற நாருக்கென்று ஒரு வாசனை உண்டு. பூக்கட்டும்போது சாமந்தி அதை மூடிவிடும். இன்று பூ இல்லை. கறியைக் கட்டத்தான் நார். அது பதமாக அரை மணி நேரம் ஆகும். வெறுமனே நின்றுகொண்டிருந்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அதனால் சமையல் மேடையிலேயே நோட்டை விரித்து உங்களுக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நாளை உங்களுக்கு ஓராண்டுத் திருப்பலி. ஓசூரிலிருந்து உங்கள் மகனும் மருமகளும் வருகிறார்கள். என் மகளும் அவள் மாமியாரும் கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறார்கள். பூசை முடிந்து சாப்பாடு நம் வீட்டில். என்ன சமைப்பது என்று உங்கள் கொழுந்தன் கேட்டபோது, "பிரச்சனை பண்ணலாம்" என்றேன். அவர் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெயரை வைத்தவரே அவர்தானே. இத்தாலியில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டு ஒன்பது வருடம் இருந்துவிட்டு நீங்கள் காரிமங்கலம் வந்து சேர்ந்த புதிது. உங்கள் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், மகன் ஓசூரில். இரண்டு தெரு தள்ளி நீங்கள் தனியாக இருந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "இன்னிக்கு பிரச்சோலே. ரெண்டு பேரும் வந்துடுங்க" என்றீர்கள். இவர் காதில் விழுந்தது பிரச்சனை. "என்னாது, பிரச்சனையா? என்னா பிரச்சனைங்க அண்ணி?" என்று கத்திவிட்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். அங்கே போனால் நீங்கள் அடுப்படியில் நின்று சிவப்புக் குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கிறீர்கள். சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமலே வந்துவிட்டது. பிரச்சோலே என்பது அந்த ஊரில் கறியைச் சுருட்டிச் செய்யும் குழம்பாம். இவர் மூச்சு வாங்க உட்கார்ந்து ஆறு கறி உருளையைத் தின்றார்.

அன்றிலிருந்து அதற்குப் பெயர் பிரச்சனைதான். "நாளைக்கு நம்ம வூட்டுல பிரச்சனை" என்று நீங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று உரக்கச் சொல்வீர்கள். பக்கத்தில் நிற்பவர்கள் பாவமாகத் திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்கு அந்தச் சமையல் முதலில் பிடிபடவே இல்லை. தொடைக்கறியை அகலமாக, மெல்லிசாக வாங்கி, சப்பாத்திக் கட்டையால் இன்னும் தட்டி, உள்ளே பூண்டு, ரஸ்க் தூள், துருவிய சீஸ், முந்திரி, உலர்ந்த திராட்சை எல்லாம் வைத்துப் பாய் மாதிரிச் சுருட்டிக் கட்ட வேண்டும். கறிக்குள் திராட்சையா என்று நான் முகத்தைச் சுளித்தேன். "தின்னுட்டு அப்புறம் சுளிம்மா" என்றீர்கள். அந்த ஊர்த் தழை இங்கே கிடைக்காததால் கொத்தமல்லி போட்டீர்கள். ஒயின் கொஞ்சம் ஊற்றினால் நன்றாக இருக்கும், பூசைக்கு வைத்திருப்பதைச் சாமியாரிடம் கேட்டுப் பார்க்கட்டுமா என்று நான் சொன்னதற்குக் கரண்டியால் ஒரு அடி கொடுத்தீர்கள். தக்காளியில் மட்டும் உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. மாரண்டஹள்ளித் தக்காளியின் புளிப்பு அந்த ஊரில்கூட இல்லை என்று நீங்கள் சொன்னபோது, ஏதோ நானே விளைவித்ததுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

அங்கிருந்து கொண்டுவந்த வெள்ளை நூல் தீர்ந்ததும்தான் என் பங்கு ஆரம்பித்தது. நீங்கள் தையல் நூலால் கட்டினீர்கள். அது கறிக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாமல் போனது. மாதா சுரூபத்துக்கு மாலை கட்டிக் கட்டிப் பழகியவள் நான். வாழைநாரை நனைத்து, பூ முடிச்சுப் போட்டுக் காட்டினேன். இரண்டு மணி நேரம் கொதித்தும் ஒரு முடிச்சு அவிழவில்லை. "அந்த இத்தாலி அம்மா இத பாத்திருக்கணும்" என்றீர்கள். அதே குழம்பை நான் சூடான ராகிக் களிக்கு ஊற்றிக்கொண்டபோது, "இத மட்டும் பாத்தாங்கன்னா மயக்கம் போட்டு வுழுந்துடுவாங்க" என்றீர்கள். அடுத்த வாரம் நீங்களே களி கிண்டி வைத்திருந்தீர்கள்.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டம்.

என் மகளின் நிச்சயத்தன்று பிரியாணியோடு இதையும் வைக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தது நான். சம்பந்தி வீட்டார் அசந்துபோக வேண்டும் என்ற ஆசை. நீங்கள் உள்ளே வைப்பதைத் தயார் செய்தீர்கள். எண்பது உருளையையும் நான்தான் கட்டினேன். "பரிமாறுறதுக்கு முன்னாடி நாரைப் பிரிச்சுடும்மா, மறந்துடாத" என்று இரண்டு முறை சொன்னீர்கள். நான் புதுப்புடவையில் வாசலுக்கும் பந்திக்கும் அலைந்துகொண்டிருந்தேன். மறந்துவிட்டேன். முதல் பந்தியில் சம்பந்தியம்மா வாயிலிருந்து ஒரு முழ நாரை இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பந்தியே கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

நான் வாய் திறந்தேன். "எங்க அக்காதாங்க கட்டுனாங்க. இத்தாலி சமையல், எங்களுக்கு என்னா தெரியும்" என்றேன்.

நீங்கள் கையில் தட்டோடு எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தீர்கள். "மன்னிச்சுக்குங்க" என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லி, அவர் இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டீர்கள். பிறகு சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டே தெரு நடக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதம் நடக்கவில்லை. தப்புச் செய்தவளுக்குத்தான் வீம்பு அதிகம் என்பதை என்னிடமே பார்த்தேன். சாப்பிடாமல் போய் என்னை அவமானப்படுத்திவிட்டார் என்று உங்கள் கொழுந்தனிடம் புலம்பினேன்.

கடைசி ஞாயிறு. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம். முன் பெஞ்சிலிருந்து நீங்கள் திரும்பி, என்னைப் பார்த்துக் கைகூப்பினீர்கள். நான் வேண்டுமென்றே இடது பக்கம் திரும்பி, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணைக் கும்பிட்டேன். பதினொரு மணிக்கு உங்கள் போன் வந்தது. குரல் தணிவாக இருந்தது.

"ஏம்மா, இங்க பிரச்சனை. கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

"எங்க வூட்டுல சமைச்சாச்சுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான்கு மணிக்குப் பால் ஊற்ற வந்த பெண்தான் உங்களைப் பார்த்திருக்கிறாள். நாற்காலியிலேயே சாய்ந்திருந்தீர்கள். நெஞ்சு வலி காலையிலேயே ஆரம்பித்திருக்கலாம் என்றார் டாக்டர். சுற்றி இருந்தவர்கள் அதைக் கேட்டு உச்சுக்கொட்டினார்கள். எனக்கு அந்தப் பதினொரு மணிப் போன்தான் காதில் ஒலித்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அக்கம்பக்கத்தார் சமையல்கட்டை ஒழித்துக் கழுவிவிட்டிருந்தார்கள். அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் மகன் என் தோளில் சாய்ந்து அழுதபோதுகூட, இவனுக்குத் தெரிந்தால் என்ற பயம்தான் எனக்கு முதலில் வந்தது.

ஒரு வருடமாக ஒரே கேள்வியோடு இருந்தேன். அன்று நீங்கள் சொன்னது எந்தப் பிரச்சனை? வலி வந்து கூப்பிட்ட உங்களுக்கு நான் சமைச்சாச்சு என்று பதில் சொல்லிவிட்டேனா? கறிக்கடைப் பக்கமே போகாமல் இருந்தேன். பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாம் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை.

இன்று காலை நாளைய சமையலுக்காகக் கடைக்குப் போனேன். கறிக்கடை பாய் என்னைப் பார்த்ததும், "என்னாம்மா, ஒரு வருஷமா ஆளையே காணோம்" என்றார். அகலமாக, மெல்லிசாக வேண்டும் என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பெரியம்மா கேக்குற மாதிரியா? அவங்க போன அன்னிக்கு காலையிலகூட, கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி வந்தாங்கம்மா. கடைய அப்பதான் தொறந்தேன். எப்பவும் நாலு துண்டு வாங்குறவங்க அன்னிக்கு பத்துத் துண்டு கேட்டாங்க. என்னா விசேஷம்னேன். 'என் தங்கச்சி கோவமா இருக்கா பாய், இன்னிக்கு எப்புடியாவது வூட்டுக்கு வர வெச்சுடுவேன்'னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் போனாங்க."

பாய் கறியை வெட்டிக்கொண்டே சொன்னார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு வந்தேன். வழியில் சந்தைக்கு வந்த கூட்டத்துக்கு நடுவே நின்று அழுதேன். யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன் அக்கா. அப்படி நடக்கவில்லை. வலி என்று கூப்பிட்டிருந்தால், நான் செய்தது தெரியாமல் செய்த தப்பு. நீங்கள் கூப்பிட்டது சாப்பிட. நானும் அதைச் சாப்பாடு என்று சரியாகப் புரிந்துகொண்டுதான் வேண்டாம் என்றேன். தெரிந்தே செய்தேன். போயிருந்தால் சாப்பிட்டிருப்போம், சிரித்திருப்போம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்திருப்பேன். பிழைக்க வைத்திருப்பேனோ இல்லையோ, தனியாக விட்டிருக்க மாட்டேன். இந்த எண்ணத்துக்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. கடைசி நாளில் நீங்கள் என்மேல் கோபமாக இல்லை. சிரித்துக்கொண்டே எனக்காகக் கறி வாங்கியிருக்கிறீர்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இன்று இந்த அடுப்படியில் நிற்கிறேன்.

நாளைக்கு என்ன செய்யப் போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகு, அவர்கள் கண் முன்னாலேயே ஒவ்வொரு உருளையிலிருந்தும் நாரைப் பிரிப்பேன். சம்பந்தியம்மா இலையில் வைக்கும்போது, அன்றைக்குக் கட்டினதும் நான்தான், பிரிக்க மறந்ததும் நான்தான், எங்கள் அக்கா மேல் பழி போட்டதும் நான்தான் என்று சொல்வேன். பிறகு உங்கள் மகனைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் போனைப் பற்றியும் சொல்வேன். அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

போன மாதம் என் மகள் போன் செய்து, "அம்மா, இங்க ஒரு பிரச்சனை" என்றாள். அவள் மேலே சொல்வதற்குள் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். கிருஷ்ணகிரி போய்க் கதவைத் தட்டினால், மிக்சி ஓடவில்லையாம். "இதுக்கா ஓடியாந்த?" என்று சிரித்தாள். அப்போதுதான் கவனித்தேன், இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. அன்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓடினாரே உங்கள் கொழுந்தன், அவர்தான் நம் எல்லாரையும்விட விவரமானவர்.

நார் ஊறிவிட்டது அக்கா, கட்டப் போகிறேன். இனி யார் எங்கிருந்து பிரச்சனை என்று கூப்பிட்டாலும் முதலில் கிளம்பிவிடுவேன். கறியா வலியா என்பதை அங்கே போய்த் தெரிந்துகொள்கிறேன்.