மூன்றாம் பேனலின் வெள்ளித் தகடு

என் அக்கா மகள் ஷிஸுனோவுக்கு, கெங்கோரோ மாமா தபால் நிலைய மேசையருகே நின்றபடி எழுதுவது.

இங்கே மலையெல்லாம் ஆவி. இலை உதிர்ந்த மரங்கள் அதற்குள் பாதி கரைந்து நிற்கின்றன. நீகாதாவில் பனி விழுந்துவிட்டதா? உனக்கு ஒன்பதாம் மாதம், அக்கா உன்னைக் குனியவே விடமாட்டாள், தெரியும்.

மாப்பிள்ளை மூன்று வாரமாக உனக்கு எழுதவில்லை என்று அக்கா தொலைபேசியில் வருத்தப்பட்டாள். யசுஹிரோவைத் தப்பாக நினைக்காதே. அவர் மண்டியிட்டு ஓட்டை தேடிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் நீராவி மின்நிலையத்தை நடத்துவது யார் என்று கேட்டால் தவழும் பிள்ளைகூட என்னைத்தான் காட்டும். பூமிக்குள்ளிருந்து நீராவியோடு கந்தக வாயுவும் வருகிறது. நமக்கு மூக்கைச் சுளிப்பதோடு சரி. மின்சாரப் பெட்டிக்கு அது கரையான். செம்பையும் வெள்ளியையும் கருக்கித் தின்றுவிடும். அதனால் அந்தப் பெட்டிகள் நிற்கும் பேனல் அறைக்கு இரட்டைக் கதவு. கரியில் வடிகட்டிய காற்றை உள்ளே அழுத்தி வைத்திருக்கிறோம்; திறந்தால் உள்காற்று வெளியே தள்ளும், வாயு வாசலோடு நின்றுவிடும். அந்தக் கதவுக்கு நான் காவல்; வாயு கசிந்தால் முதலில் சொல்வது என் மூக்கு. டோக்கியோவிலிருந்து வந்த அதிகாரி என் மூக்கைப் படம் எடுத்துப் போனார். சரி, மலையைத்தான் எடுத்தார், மூக்கும் விழுந்தது.

அறைக்குள் விரல் அகல வெள்ளித் தகடுகளைத் தொங்கவிடுவோம். ஒரு மாதம் கழித்தும் பளபளத்தால் காற்று சுத்தம். போன மாதம் அவை பழுப்பாகிவிட்டன. நிலையத் தலைவர் குரோசே, அந்த அறையின் பராமரிப்பைப் பார்க்கும் மாப்பிள்ளையிடம், "வாயு எங்கேயோ உள்ள வருதுப்பா. ஒண்ணு சுவத்துல ஓட்டை, இல்ல உன் வேலையில ஓட்டை" என்றார். மாப்பிள்ளை கேபிள் நுழையும் துளைகளையெல்லாம் மக்குப் பசை வைத்து அடைத்தார். "என்ன மாப்பிள்ளை, எறும்புக்குக்கூட வழி விடமாட்டீங்களா?" என்று கேலி செய்தேன். "மாமா, உங்க மூக்க ஒரு நாள் கடன் குடுங்க, கண்டுபிடிச்சுடறேன்" என்று சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. தவறு தன்னுடையது என்று ராஜினாமா எழுதிவிட்டார். இன்று மாலை அது மேலிடத்துக்குப் போகிறது. போனால் நிலையம் கொடுத்த வீடும் போகும், நீ திரும்பி வர இங்கே வீடு இருக்காது.

இனி நான் சொல்வதை உட்கார்ந்து படி. இந்த ஊரில் நாற்றமே இல்லாத இடம் அந்த அறை ஒன்றுதான். விடியலில் கந்தகக் குளத்தில் குளித்துவிட்டு, மூன்றாம் பேனலுக்குப் பின்னால் சற்றுக் கண்மூடுவேன். அந்தக் காற்றில் வரும் கனவை என்ன சொல்ல! பனி மேலிருந்து விழாமல் தரையிலிருந்து எழும்பும். கடல் சத்தமில்லாமல் என் காலைத் தொடும். நீ பின்னலோடு, ஏழு வயதில், என் செருப்பைப் போட்டுக்கொண்டு அலைமேல் நடந்துபோவாய்.

நான் தூங்கும்போது என் ஈரத் துண்டும் அங்கேதான் காயும். இந்த ஊரில் வேறெங்கே துணி காய்கிறது? இன்று காலை அதை எடுத்தபோது, அதற்குப் பின்னால் தொங்கிய தகட்டைப் பார்த்தேன். மற்றவை பழுப்பு, அது மட்டும் கரி. வாயு சுவர் வழியாக வரவில்லை, ஷிஸுனோ. முப்பது வருடமாக நானே, கந்தகத் தண்ணீர் ஊறிய துண்டாகத் தோளில் போட்டு உள்ளே கொண்டுபோயிருக்கிறேன். முன்பெல்லாம் அது உள்காற்றோடு வெளியேறிவிடும்; போன மாதம் காற்றை உள்ளேயே சுற்றவிடும் புது விசிறி வைத்தார்கள். அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. மலையையே மோந்து சொல்லும் என் மூக்குக்கு என் துண்டு தெரியவில்லை.

இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு குரோசேயிடம் போகிறேன். பத்து நிமிட நடை. பத்து நிமிடத்தில் நான் எந்தக் கதையையும் அழகாக்கிவிடுவேன், உனக்குத் தெரியும். அதனால்தான் முதலில் உனக்கு எழுதினேன். நாளை நான் வேறு விதமாகச் சொன்னால் இதைக் காட்டு.

நல்லபடியாகப் பெற்றெடுத்து, மாப்பிள்ளையின் வீட்டுக்கே வா. அந்தக் கதவருகே என்னைத் தேடாதே, அங்கே இருக்கமாட்டேன். பேருந்து நிற்கும் இடத்தில் இருப்பேன். குழந்தையை ஒரு முறை என் கையில் கொடு.

உன் மாமா,
கெங்கோரோ