என் அறைக்குள் சாணைக்கல்

1974 ஏப்ரல் 19

காலையில் மடக்குகிற வில்லுக்கத்தி இரண்டு முடிந்தது. இரண்டும் இரத்தோட்டையிலிருந்து வந்தவை. நுனி உடைந்து மொட்டையாய்க் கிடந்த அலகைத் தேய்த்துப் புது மூக்கு வைத்தேன். கடையில் புதுக் கத்தி ஏது? வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றதிலிருந்து எல்லோரும் தங்கள் வாப்பா காலத்துக் கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு இந்தப் பலாபத்வல ரோட்டுக்கு வருகிறார்கள்.

என் புருஷன் மௌத்தாகி இன்றைக்கு இருபத்தாறாம் நாள். நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது, பிற ஆண் முன்னால் வரக் கூடாது. சரி, இறங்கவில்லை, வரவில்லை. சாணைக்கல்லை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டேன். என் பழைய தையல் மெஷின் காலில் பூட்டிய கல், மிதித்தால் சுற்றும். புருஷனை இழந்தவள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் எனக்கு ஓதித்தரவில்லை.

கத்தியை வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் பக்கத்து வீட்டு பாலேஸ்வரி டீச்சர். பருத்தித்துறைக்காரி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் நிற்பவர்களிடம் வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். "மஸூதா, ஒருத்தன் என்னைக் கத்தி மிஸ் எண்டு கூப்பிடுறான். இதுக்கோ நான் ரெயினிங் கொலிச் போனனான்?" என்கிறார். அடுத்த நாளும் கூடையோடு வருகிறார்.

ஏப்ரல் 27

றஸ்மியா வந்து போனாள். அவருடைய தம்பி மக்கீனின் மனைவி. மாத்தளை டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். இத்தா முடிகிற அன்றைக்கே என்னை உக்குவெலையில் என் அண்ணன் நுஹ்மான் நானா வீட்டில் கொண்டுபோய் விடுவார்களாம். கல்லைக் கடைக்கு எடுத்துக்கொள்வார்களாம். கடை வாசலில் ஒரு ஆளை வைத்துச் சாணை பிடிக்கப் போகிறார்களாம். எல்லாம் முடிவாகிவிட்டது. என்னிடம் கேட்காமலே.

"கல்லு மாமாடதாம். அவங்க அப்பிடித்தான் சொல்றாங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மாமாவின், அவருடைய தகப்பனின், கல் தேய்ந்து தட்டளவாகிப் பிளந்தது அறுபத்தாறில். இந்தக் கல்லை அவரும் நானும் கண்டியிலிருந்து பஸ்ஸில் மடி மாற்றி மடி மாற்றிக் கொண்டுவந்தோம். என் தொடை மூன்று நாள் மரத்துக் கிடந்தது. மக்கீனுக்கு இது தெரியாதா? நல்லாய்த் தெரியும்.

பதினேழு வருஷம் அவர் மிதித்தார், நான் அலகைப் பிடித்தேன். ஊர் அவரைத்தான் கத்திக்காரர் என்றது. போகட்டும், அதற்கு நான் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் நானா வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு மிச்சக் காலத்தைப் போக்குவதா? போகமாட்டேன். எழுதி வைக்கிறேன் — போகமாட்டேன்.

மே 3

"உவர் மக்கீன் ஏன் இப்பவே கல்லைத் தூக்கிக்கொண்டு போகேல்லை?" என்று டீச்சர் கேட்டார்.

கல் என் அறைக்குள் இருக்கிறது. இத்தா முடியும்வரை மக்கீன் இந்தத் திரையைத் தாண்டிக் காலெடுத்து வைக்க முடியாது. ஊரும் விடாது, பள்ளிவாசலும் விடாது. அதைச் சொன்னேன்.

டீச்சர் கொஞ்ச நேரம் திரையையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடி கள்ளி" என்றார்.

மே 14

வெட்கமாய்ப் போயிற்று. இரத்தோட்டை இராசலிங்கம், றப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர், கத்தியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கு நுனி முதுகுப் பக்கம் ஏறி நிற்க வேண்டும், அப்போதுதான் பட்டையை நெம்பித் தூக்கலாம். அப்படித்தான் செய்து கொடுத்தேன். மடக்கினால் நுனி பிடிக்குள் மறையவில்லை. ஒரு அரிசி அளவு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. சாரத்து மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார், குனிந்ததும் வயிற்றில் ஏறிவிட்டது.

வாசலில் நின்று சத்தமாய்ச் சொன்னது எனக்கும் கேட்டது. "ஸமத் நானா இருந்தா இப்பிடி நடக்குமாங்க?"

நடக்காது. ஏனென்றால் அவர் நுனியை வெட்டிக் குட்டையாக்கச் சொல்லிவிடுவார். குட்டை நுனியால் பட்டையைத் தூக்க முடியாமல் இதே மனுஷன் திட்டிக்கொண்டு வேலை செய்திருப்பார். ஆனால் குத்தாது.

மே 15

நாள் முழுக்க அந்த ஒரு கத்தி. திறந்தேன், மூடினேன், திறந்தேன். அலகு பிடியோடு சேருகிற இடத்தில் கடுகளவு ஒரு மேடு இருக்கிறது. மூடும்போது அலகு அந்த மேட்டில்தான் தங்கி நிற்கிறது. அப்படியென்றால் மேட்டை அராவினால் அலகு இன்னும் கீழே இறங்க வேண்டும் அல்லவா? ஒரு இழை அராவி மூடிப் பார்த்தேன். நுனி கொஞ்சம் உள்ளே போயிற்று. இன்னொரு இழை. கூடிப்போனால் அலகின் வாய் பிடிக்குள் இருக்கிற வில்லில் இடித்து மழுங்கிவிடும். நாலாவது இழையில் நுனி மறைந்தது, வாய் இடிக்கவில்லை. விரலால் தடவினேன். ஒன்றும் குத்தவில்லை.

அவருக்கு இது தெரியாது. மௌத்தானவரைக் குறை சொல்லவில்லை. தெரியாது, அவ்வளவுதான். எனக்குத் தெரியும்.

ஜூன் 2

பள்ளிவாசலிலிருந்து இரண்டு பேர் டீச்சரிடம் சொல்லிவிட்டிருக்கிறார்கள் — இத்தாவில் இருக்கிற பெண்ணின் வீட்டிலிருந்து சாணைச் சத்தம் ரோட்டுக்குக் கேட்பது அழகில்லையாம்.

அவர் உயிரோடு இருந்தபோதும் இதே சத்தம்தான். அப்போது அழகாய் இருந்ததா?

கோபத்தில் ஒரு அலகை அழுத்திவிட்டேன். நுனி நீலம் பூத்துப்போயிற்று. நீலம் கண்டால் பதம் போயிற்று என்று அர்த்தம்; அத்தனையும் தேய்த்து எடுத்தால்தான் கத்தி உதவும். தண்ணீரில் முக்கி முக்கி மெதுவாய்த் தேய்த்தேன். கோபமும் கொஞ்சம் இறங்கிற்று.

ஜூன் 4

பள்ளிவாசலில் தொழுவிக்கிற பதுர்தீன் லெப்பையின் மனைவி நூருன்னிஸா வந்தார். அந்த இரண்டு பேரையும் லெப்பை கூப்பிட்டுக் கேட்டாராம்: "வீட்டுக்குள்ள இருந்து ஹலாலா ஒரு தொழில் செய்யக் கூடாதுன்னு எங்க ஓதினீங்க?" போகும்போது நூருன்னிஸா முந்தானையிலிருந்து லெப்பையின் பேனாக்கத்தியை எடுத்து வைத்தார். பேரீச்சங்கொட்டை எடுக்கத் தோதாய் நுனி மெலிய வேண்டுமாம்.

ஜூன் 19

ஏழு கத்தி. முழங்கால் வீங்கியிருக்கிறது. மிதிப்பது அவர் வேலையாக இருந்ததே.

ஜூலை 9

சில நேரம் பயமாய்த்தான் இருக்கிறது. எழுதினால் என்ன? இத்தா முடிகிற அன்றைக்கு மக்கீன் வந்து நிற்பார், நானாவும் கூட வருவார். நானா என்னைக் கண்ணால் பார்த்தாலே நான் சின்னப் பிள்ளையாகி விடுவேன். "நட" என்று சொன்னால் நடந்துவிடுவேனோ? என்னை எனக்கே நம்ப முடியவில்லை. நாலு பேர் இருக்கிற நேரமாய் இருந்தால் பேசிவிடுவேன். தனியாய் இருந்தால்?

ஜூலை 20

ரஜப் பிறை கண்டாயிற்று என்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு நூருன்னிஸா சொல்லியனுப்பினார். அவர் மௌத்தானது ரபியுல் அவ்வல் முதல் பிறையில். பிறைக் கணக்கில் நாலு மாதம் சரியாய் நிறைந்துவிட்டது. இனிப் பத்து நாள். முப்பதாம் தேதி பொழுது சாய்ந்தால் என் இத்தா முடிகிறது.

ஜூலை 24

றஸ்மியா வந்தாள். "நாலாந் தேதி காலையில வேன் கொண்டு வாறாங்க. அன்னைக்கித்தானே முடியுது, சாமான்களைக் கட்டி வைக்கச் சொன்னாங்க."

நாலாம் தேதியா? அவள் போனபிறகு விரல் விட்டு எண்ணினேன். மார்ச் இருபத்தைந்திலிருந்து நாலு மாதம், ஜூலை இருபத்தைந்து; அதோடு பத்து நாள், ஆகஸ்ட் நாலு. மனுஷன் கடைக் கலண்டரைப் பார்த்து எண்ணியிருக்கிறார். ஐந்து வக்தும் தொழுகிறவர், பெருநாளுக்குப் பிறை தேடுகிறவர், என் இத்தாவுக்கு மட்டும் இங்கிலீசு மாதம்.

சொல்லித் திருத்தலாம். ஏன் திருத்த வேண்டும்? என்னிடம் யாரும் கேட்கவில்லையே.

ஜூலை 31

குளித்தேன், தொழுதேன், வெள்ளைச் சேலையை மாற்றினேன். முன்கதவைத் திறந்தபோது கண் கூசிற்று. நானும் டீச்சரும் கல்லை முன்னறைக்கு இழுத்துப் போட்டோம், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில். "கத்தியெல்லாம் நாலாந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில வந்து வாங்கச் சொல்லுங்க டீச்சர்" என்றேன். "எல்லாரையுமோ?" என்றார். எல்லோரையும்தான்.

ஆகஸ்ட் 4

ஒழுங்காய் எழுதப் பார்க்கிறேன்.

வேன் வந்தபோது முன்னறையில் ஆறு பேர். இராசலிங்கம் மர வாங்கில் இருந்தார், லெப்பை கதிரையில். டீச்சர் கூடையோடு என் பக்கத்தில். நான் முக்காட்டோடு கல்லுக்கு முன்னால். மக்கீன் வாசலில் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் நுஹ்மான் நானா.

"என்ன மதினி இது? இத்தாவுல இருக்கிற பொம்புள, ஆம்புளைகளுக்கு நடுவுல இருந்து கத்தி தீட்டுறீங்க. இன்னைக்கி மஃரிபோடதானே முடியுது. அல்லாவுக்குப் பயமில்லையா?"

எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். என் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது.

லெப்பைதான் கேட்டார். "மக்கீன், நீங்க பிறை பாத்து எண்ணினீங்களா, கலண்டர் பாத்தா?"

"மார்ச் இருபத்தஞ்சு..." என்று தொடங்கினார் மக்கீன்.

"இத்தாவுக்கு மார்ச்சும் இல்ல, ஏப்ரலும் இல்ல. ரஜப் பத்தோட முடிஞ்சிட்டுது. அந்தப் புள்ள வெளிய வந்து நாலு நாளாச்சு. ஒரு பொம்புள மேல இப்பிடி ஒரு சொல் சொல்ல முந்தி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

இராசலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மக்கீனின் முகம் செத்துப்போயிற்று. என் வாய் அப்போதுதான் திறந்தது.

"மாமாட கல்லுக்குத்தானே வந்தீங்க தம்பி? அது கிணத்தடியில கிடக்குது, ரெண்டு துண்டு. எட்டு வருஷமா அதுலதான் கால் தேய்க்கிறோம். எடுத்துட்டுப் போங்க. இந்தக் கல்லு நானும் அவங்களும் கண்டியில இருந்து மடியில வச்சுக் கொண்டு வந்தது. நீங்கதான் பஸ்ஸால இறக்கினீங்க."

மக்கீன் கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானாதான், "நீ வாறியா இல்லையா?" என்று கேட்டார்.

"பெருநாளைக்கு வாறேன் நானா."

நானா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அவர் போய் வேனில் ஏறினார்.

வேன் டிரைவர் பாவம், நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டான். கிணற்றடிக்குப் போய் இரண்டு துண்டையும் தூக்கிவந்து வேனில் வைத்துவிட்டான். மக்கீன் அவனைத் தடுக்கவும் இல்லை. டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடிவிட்டார்.

நவம்பர் 9

இன்று பத்து மணியளவில் ஒருவர் வந்தார். வில்கமுவக்காரர், சிங்களவர். வயல் வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வாசலில் நின்று சிங்களத்தில் கேட்டார், ஸமத் இருக்கிறாரா என்று. போன வருஷம் ஒரு கத்தி செய்துகொண்டு போனவராம். அங்கே யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

"இல்லை" என்றேன். மௌத்தாகிவிட்டார் என்று சொல்ல வாய் வந்தும் சொல்லவில்லை. "கத்தி கொண்டுவந்தீங்களா?"

அவர் என் தோளுக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்தார். "யார் செய்வது?"

"நான்தான்."

கத்தியை உடனே தரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தந்தார். வாங்கில் இருக்கச் சொன்னேன். அலகை ஒடுக்கி, மேட்டை இரண்டு இழை அராவி, மூடிக் கொடுத்தேன். நாலைந்து தடவை திறந்து மூடினார். பிறகு எழுந்து, "ஸமத் முதலாளி வந்தால் சொல்லுங்கள், போன தடவையைவிட இது நல்லாய் இருக்கிறது என்று" என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

அவர் பஸ் ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து அழுதேன். மார்ச் மாதத்திலிருந்து அழ எனக்கு நேரமே கிடைக்கவில்லை. கதவைச் சாத்தவில்லை, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு கத்தி முடித்தேன்.